ராத்திரியில் ரவுட்டர் ஏன் திணறுகிறது: பாக்கெட் சுமையைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

ஊருக்கு இன்டர்நெட் கொடுக்கும் ஆபரேட்டர் நாம். ராத்திரி எட்டு மணிக்கு நீடாமங்கலத்திலிருந்து முதல் போன் வரும். "அண்ணே, நெட்டு சுத்திக்கிட்டே இருக்கு." ஐந்து நிமிஷத்தில் வலங்கைமானிலிருந்து இன்னொன்று. அப்ஸ்ட்ரீம் (நமக்கு இன்டர்நெட் தரும் பெரிய நிறுவனம்) கிராஃபைப் பார்த்தால் ஒரு ஜிபிபிஎஸ் லிங்கில் பாதிகூட ஓடவில்லை. வீடுகளுக்குப் போகும் பைபர் எல்லாம் சேரும் ஓஎல்டி பெட்டி நன்றாக இருக்கிறது, பைபர் எங்கும் அறுபடவில்லை. ரவுட்டருக்குள் போகலாம் என்றால் அதைக் கையாளும் மென்பொருளான விண்பாக்ஸ் திறக்கவே ஒரு நிமிஷம் ஆகிறது. உள்ளே சிபியு 100 சதவீதம் என்று நிற்கிறது.

அந்த நேரத்தில் கை தானாக ரீபூட்டுக்குப் போகும். ரீபூட் செய்தால் பத்து நிமிஷம் நன்றாக ஓடும், அப்புறம் பழைய கதை. மறுநாள் யாராவது "பெட்டி பத்தலை, பெரிசா வாங்கிப் போடுங்க" என்பார்கள். லட்ச ரூபாய்க்குப் புதுப் பெட்டி வந்து, அதுவும் மூன்றாவது வாரம் திணறியதை நான் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் கோளாறு பெட்டியில் இல்லை, அதற்குள் வந்து கொட்டும் பாக்கெட்டில், அதாவது தரவு பிரிந்து போகும் சின்னத் துண்டுகளில், இருந்தது. அவை எங்கிருந்து வருகின்றன, எதற்காக வருகின்றன என்று தெரியாமல் காசு செலவழிக்கக் கூடாது. அதைக் கண்டுபிடிக்கும் வழியை, நான் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

டெல்டாவில் கேபிள் டிவியிலிருந்து இன்டர்நெட்டுக்கு வந்த ஆபரேட்டர்கள் பலரும் மைக்ரோடிக் ரவுட்டர் வைத்திருப்பதால் மெனு பெயர்களை அதிலிருந்தே சொல்கிறேன். லினக்ஸ், சிஸ்கோ வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் கொஞ்சம் இருக்கிறது.

ரீபூட்டுக்கு முன் இரண்டு நிமிஷம்

லாக் பெரும்பாலும் மெமரியில்தான் இருக்கும். ரீபூட் செய்தால் தடயம் மொத்தமும் அழிந்துவிடும். அதனால் முதலில் நான்கு திரைகளை அப்படியே படம் எடுத்து வையுங்கள்: சிஸ்டம் மெனுவில் ரிசோர்ஸஸ், டூல்ஸ் மெனுவில் ப்ரொஃபைல், இன்டர்ஃபேஸ் பட்டியல், லாக். போனில் போட்டோ எடுத்தாலும் போதும். விண்பாக்ஸ் ஐபி வழியாகத் திறக்கவில்லை என்றால் லேப்டாப்பை ரவுட்டரின் சும்மா கிடக்கும் போர்ட்டில் நேராகச் செருகி, மேக் முகவரி (போர்ட்டின் வன்பொருள் எண்) வழியாக உள்ளே போய்ப் பாருங்கள்.

ஒரு சுமையை மட்டும் இப்போதே ஒதுக்கிவிடலாம். மின்சாரம் போய்த் திரும்பி வந்ததும் எல்லா வீட்டு ரவுட்டரும் ஒரே நேரத்தில் பிபிபிஓஇ (பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) டயல் செய்யும். ஐந்நூறு அறுநூறு இணைப்பு ஒரேயடியாக மோதும்போது சிபியு ஏறத்தான் செய்யும், ஐந்து நிமிஷத்தில் இறங்கிவிடும். இறங்காமல் ஒவ்வொருவரும் உள்ளே வருவதும் வெளியே விழுவதுமாக இருந்தால் ரேடியஸ் (அந்தப் பெயர், பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் சர்வர்) டைம்அவுட்டைப் பாருங்கள். மைக்ரோடிக்கில் அது இயல்பாக 300 மில்லிநொடி. ரேடியஸ் சர்வர் வெளியூரில் இருந்தால் நெரிசலில் அதற்குள் பதில் வராது, திரும்பத் திரும்பக் கேட்டே சுமை கூடும். 3000 என்று மாற்றுங்கள்.

மொத்தச் சதவீதத்தை விட்டுவிட்டு, கோர் கோராகப் பாருங்கள்

சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிதான் கோர். நான்கு கோர் பெட்டியில் ஒரு கோர் 100, மற்ற மூன்றும் ஏழெட்டு என்று இருந்தால் மொத்தக் கணக்கு 30 என்றுதான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு ரவுட்டரில் குறையில்லை என்று அப்ஸ்ட்ரீம் நிறுவனத்தோடு சண்டை போட்டால் ஒரு வாரம் வீண். ரிசோர்ஸஸ் திரையிலேயே சிபியு என்ற பொத்தான் இருக்கிறது, அது ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் காட்டும். பக்கத்தில் ஐஆர்க்யூ என்ற பொத்தானில் எந்தப் போர்ட்டின் வேலை எந்தக் கோருக்குப் போகிறது என்று தெரியும்.

ஒரு கோர் மட்டும் நிறைந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒரே போர்ட்டில் எல்லா வீலானையும் (ஒரே ஒயருக்குள் பிரித்த தனித்தனி வலைகள்) ஏற்றியிருப்போம், அல்லது ஒரே ஒரு ஓட்டம் (ஒரே இணைப்பின் பாக்கெட் வரிசை) மட்டும் அசுரத்தனமாக வந்துகொண்டிருக்கும். ஒரு ஓட்டத்தின் பாக்கெட்டுகள் வரிசை மாறக் கூடாது என்பதால் அதைப் பல கோருக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. எல்லாக் கோரும் சேர்ந்து நிறைந்திருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

எத்தனை எம்பி என்பதைவிட எத்தனை பாக்கெட் என்பதே முக்கியம்

எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. தூக்கித் தராசில் வைத்து, எடை பார்த்து, சாக்கைத் தைத்து, அட்டியில் அடுக்க வேண்டும். 400 சிப்பம் என்றால் 16 டன் முடிந்தது. அதே 16 டன்னை யாராவது இரண்டு கிலோ பையாகக் கட்டிக் கொண்டுவந்தால் 8000 முறை தராசில் ஏற்ற வேண்டும். நெல் அதேதான், வேலை இருபது மடங்கு.

ரவுட்டரும் அப்படித்தான். பாக்கெட் சின்னதோ பெரிதோ, ஒவ்வொன்றுக்கும் தலைப்பைப் படிக்கணும், பயர்வால் விதிகளோடு ஒப்பிடணும், நாட் (முகவரி மாற்றம்) செய்யணும், வழி பார்த்து அனுப்பணும். ஒரு ஜிபிபிஎஸ் ஈதர்நெட்டில் 1518 பைட் பாக்கெட்டாக நிரப்பினால் நொடிக்குச் சுமார் 81,000 பாக்கெட் போகும். அதே லிங்கை 64 பைட் பாக்கெட்டால் நிரப்பினால் நொடிக்குச் சுமார் 14,88,000. "லிங்க் பாதிகூட நிறையலையே, அப்புறம் ஏன் சிபியு நிறைஞ்சது?" என்ற கேள்விக்குப் பதில் இந்த இரண்டு எண்ணுக்கு நடுவில் இருக்கிறது.

இன்டர்ஃபேஸ் பட்டியலில் டிஎக்ஸ் பாக்கெட் (வெளியே போவது), ஆர்எக்ஸ் பாக்கெட் (உள்ளே வருவது) என்ற பத்திகள் நொடிக்கு எத்தனை பாக்கெட் என்று காட்டும். பிட் வேகத்தை எட்டால் வகுத்து, அதைப் பாக்கெட் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பாக்கெட்டின் சராசரி அளவு வரும். உதாரணமாக, அப்ஸ்ட்ரீமிலிருந்து 400 எம்பிபிஎஸ் வருகிறது, நொடிக்கு 45,000 பாக்கெட். வகுத்தால் ஏறக்குறைய 1,110 பைட். வீடியோ பார்க்கிற ஊரில் டவுன்லோட் பக்கம் இப்படித்தான் இருக்கும். இன்னொரு நாள் 90 எம்பிபிஎஸ்தான் ஓடுகிறது, ஆனால் நொடிக்கு 1,10,000 பாக்கெட். வகுத்தால் 102 பைட். டவுன்லோட் திசையில் இது வந்தால் யாரும் படம் பார்க்கவில்லை, ஏதோ தாக்குதல் அல்லது லூப் (பாக்கெட் ஒரே வட்டத்தில் சுற்றுவது) என்று எடுத்துக்கொள்ளலாம். அப்லோடு திசையில் மட்டும் சராசரி சின்னதாக இருப்பது சகஜம். டவுன்லோடுக்குப் பதிலாகப் போகும் ஒப்புகைப் பாக்கெட் எல்லாம் குட்டிதான். ஆனால் அப்லோடு பாக்கெட் எண்ணிக்கை டவுன்லோடைத் தாண்டினால் கவனியுங்கள்.

ப்ரொஃபைல் சொல்வதைப் படிப்பது

டூல்ஸ் மெனுவில் ப்ரொஃபைலைத் திறந்து ஸ்டார்ட் கொடுங்கள். எந்த வேலைக்கு எத்தனை சதவீதம் போகிறது என்று வரிசை வரும். சிபியு என்ற இடத்தில் ஆல் என்று தேர்ந்தெடுத்தால் கோர் வாரியாகவும் காட்டும்.

டிஎன்எஸ் (தளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் வேலை) மேலே நின்றால் உங்கள் ரவுட்டரை உலகமே பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. பிரிட்ஜிங் (போர்ட்டுகளை ஒரே வலையாக இணைக்கும் வேலை) மேலே நின்றால் லூப்பைத் தேடுங்கள். பயர்வால் என்றால் விதிகள் அதிகம் அல்லது புதிய இணைப்புகள் வெள்ளமாக வருகின்றன. எல்7 மேட்சர் (பாக்கெட்டின் உள்ளடக்கத்தைப் படித்துப் பார்ப்பது) என்ற பெயர் தெரிந்தாலே அந்த விதியை எடுத்துவிடுங்கள். இன்று பெரும்பாலான ட்ராஃபிக் மறையாக்கம் ஆகிவிட்டதால் அதனால் பயன் குறைவு, செலவு அதிகம். கியூயிங் என்றால் வேகக் கட்டுப்பாட்டு வேலை. நெட்வொர்க்கிங், ஈதர்நெட் இரண்டும் சேர்ந்து ஏறினால் பாக்கெட் எண்ணிக்கையே அதிகம், முந்தைய படியின் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

எந்த வாய்க்கால் வழியாக வருகிறது

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வாய்க்காலோடு நடந்துபோய் எந்த மதகில் அடைப்பு என்று பார்ப்போம். இங்கேயும் அதேதான். இன்டர்ஃபேஸ் பட்டியலை ஆர்எக்ஸ் பாக்கெட் பத்தியை வைத்து வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொரு பிபிபிஓஇ கஸ்டமரும் தனி இன்டர்ஃபேஸாகத் தெரிவார். மேலே அப்ஸ்ட்ரீம் போர்ட்டும், கீழே இறங்கும் வீலான்களும், அப்புறம் கஸ்டமர்கள் என்ற வரிசைதான் இயல்பு. ஒரு வீட்டின் பெயர் வீலானுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

பிடித்த இன்டர்ஃபேஸில் மட்டும் டார்ச் (அப்போது ஓடும் ட்ராஃபிக்கை முகவரி வாரியாகக் காட்டும் டூல்) ஓட்டுங்கள். டார்ச்சே சிபியு தின்னும். 95 சதவீதத்தில் நிற்கும் ரவுட்டரின் அப்ஸ்ட்ரீம் போர்ட்டில் அதைப் போட்டால் பெட்டி படுத்துவிடும். பத்து நொடி பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும்.

இனி நான் அடிக்கடி சந்தித்த காரணங்கள்.

ஆயுத பூஜை லூப்

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு உரக்கடை. ஆயுத பூஜை அன்று ராத்திரி அந்த வீலான் முழுக்க நெட் படுத்துவிட்டது. ரவுட்டர் லாக்கில், பிரிட்ஜ் போர்ட் தன் சொந்த மேக் முகவரியிலிருந்தே பாக்கெட் வாங்குகிறது, லூப்பாக இருக்கலாம் என்ற செய்தி நொடிக்கு நொடி ஓடியது. கடைக்குப் போய்ப் பார்த்தால், சுத்தம் செய்வதற்காக எல்லா ஒயரையும் கழற்றித் துடைத்து, எட்டு போர்ட் ஸ்விட்சுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, திரும்ப மாட்டியிருக்கிறார்கள். ஒரு பேட்ச் கார்டின் முனை தொங்கிக்கொண்டிருந்ததால் அதையும் காலியாக இருந்த ஓட்டையில் செருகிவிட்டார்கள். இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில். எட்டு விளக்கும் ஒரே தாளத்தில் மின்னிக்கொண்டிருந்தன. ஒயரைப் பிடுங்கினேன். ஆபீஸில் இருந்த பையன் போனில், "அண்ணே, சிபியு பன்னெண்டுக்கு வந்துருச்சு" என்றான்.

ஈதர்நெட் பாக்கெட்டுக்கு ஆயுள் எண் கிடையாது. லூப்பில் சிக்கிய பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் போகும் பாக்கெட்) ஒயரைப் பிடுங்கும்வரை சுற்றும். தேடும் முறை எளிது: வீலானை ஒவ்வொன்றாக டிசேபிள் செய்து பத்து நொடி சிபியுவைப் பாருங்கள். எது அணைந்ததும் இறங்குகிறதோ அதுதான். அந்த வீலானுக்குள் ஓஎல்டியின் பான் போர்ட் (ஒரு பைபர் கிளை), அப்புறம் ஓஎன்யூ (வீட்டில் இருக்கும் பைபர் பெட்டி) என்று சுருக்கிக்கொண்டே போகலாம். பிறகு ஓஎல்டியில் லூப் டிடெக்ஷன் வசதி இருந்தால் போடுங்கள், கஸ்டமர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி போர்ட் ஐசொலேஷனும் போடுங்கள், பிரிட்ஜில் லூப்பைத் தடுக்கும் ஆர்எஸ்டிபியை அணைக்காதீர்கள்.

இரண்டு ரவுட்டருக்கு நடுவே பந்தாட்டம்

இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. உங்களுக்கு ஒரு /24 பொது ஐபி தந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், 256 முகவரி. நீங்கள் பயன்படுத்துவது நாற்பதுதான். மீதி முகவரிகளை இணையத்தில் யாராவது ஸ்கேன் செய்துகொண்டேதான் இருப்பார்கள். அப்படி ஒரு பாக்கெட் வந்தால் அப்ஸ்ட்ரீம் ரவுட்டர் உங்களிடம் தள்ளும். உங்கள் ரவுட்டருக்கு அந்த முகவரி எங்கே என்று தெரியாது. தெரியாததை எல்லாம் டிஃபால்ட் ரூட் வழியாக அப்ஸ்ட்ரீமுக்கே திருப்பும். அவர் மறுபடி உங்களிடம் தள்ளுவார். டிடிஎல் எண் (ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும் ஆயுள் எண்) தீரும்வரை இந்த ஆட்டம் நடக்கும். 50 என்ற டிடிஎல்லோடு வந்த ஒரே பாக்கெட் உங்கள் ரவுட்டரைச் சுமார் இருபத்தைந்து முறை கடக்கும்.

அடையாளம்: அப்ஸ்ட்ரீம் போர்ட்டில் வருவதும் போவதும் ஒரே அளவில் சேர்ந்து ஏறும், கஸ்டமர் பக்கம் ஒன்றும் அசையாது. மொபைல் டேட்டாவிலிருந்து அந்தப் பயன்படாத முகவரி ஒன்றுக்கு ட்ரேஸ்ரூட் (பாக்கெட் போகும் வழியைக் காட்டும் கட்டளை) போட்டால் இரண்டே முகவரி மாறி மாறி வந்துகொண்டிருக்கும்.

சரிசெய்ய ஒரே வரி போதும். ஐபி மெனுவில் ரூட்ஸ் போய், உங்கள் /24 முழுவதற்கும் ஒரு பிளாக்ஹோல் ரூட் (வந்த பாக்கெட்டைத் தூக்கிப்போடும் வழி) சேருங்கள். பதிப்பு 6 என்றால் டைப் என்ற இடத்தில், 7 என்றால் அதற்கான டிக்கில். இணைப்பில் இருக்கும் கஸ்டமருக்கு அவரவர் /32 (ஒரே முகவரிக்கான) ரூட் இருப்பதால் அதுதான் முந்தும், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஐபிவி6 கொடுப்பவர்கள் அங்கேயும் இதைச் செய்ய மறக்க வேண்டாம், அங்கே காலி முகவரிகளுக்குக் கணக்கே கிடையாது.

திறந்து கிடக்கும் டிஎன்எஸ்

ஐபி மெனுவில் டிஎன்எஸ் திரையில், அலவ் ரிமோட் ரிக்வெஸ்ட்ஸ் என்ற டிக் போட்டிருந்து, வெளியிலிருந்து வரும் 53ஆம் போர்ட்டை (டிஎன்எஸ் கேள்விகள் வரும் எண்) அடைக்காமல் விட்டிருந்தால், யார் வேண்டுமானாலும் உங்கள் ரவுட்டரைக் கேள்வி கேட்கலாம். அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போட்டுச் சின்னக் கேள்வி கேட்டுப் பெரிய பதிலை வேறொருவர் தலையில் கொட்ட வைப்பார்கள். சுமை உங்களுக்கு, அடி இன்னொருவருக்கு.

அடைக்கும்போது பயர்வால் ஃபில்டரில் அடைப்பதைவிட ரா டேபிளில் அடைப்பது நல்லது. ப்ரீரூட்டிங் செயினில், உள்ளே வரும் இன்டர்ஃபேஸ் அப்ஸ்ட்ரீம், சேருமிட முகவரி ரவுட்டருடையது, சேருமிடப் போர்ட் 53, யுடிபிக்கு ஒரு விதி, டிசிபிக்கு ஒரு விதி, ஆக்ஷன் டிராப். ரா டேபிள் கனெக்ஷன் ட்ராக்கிங்குக்கு (ஒவ்வொரு இணைப்பையும் நினைவில் வைக்கும் வேலை) முன்னாலேயே வேலை செய்வதால் தள்ளுபடி செய்யும் பாக்கெட்டுக்கு அதிகம் செலவழியாது. அடைத்த பிறகும் கேள்விகள் சில நாள் வந்துகொண்டேதான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

கேமராப் பெட்டி

கும்பகோணத்தில் ஒரு கடை. 50 எம்பிபிஎஸ் திட்டம். அங்கிருந்து வந்த அப்லோடு 30 எம்பிபிஎஸ்தான், பில்லிங் திரையில் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் நொடிக்கு 60,000 பாக்கெட். வகுத்தால் 62 பைட். டார்ச்சில் பார்த்தால் எல்லாம் வெளிநாட்டு முகவரி ஒன்றுக்கே போய்க்கொண்டிருந்தது. கடைக்காரர், "தம்பி, கேமரா நல்லாத்தான் ஓடுது, வீட்டுலேருந்து போன்ல பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார். அவர் சொன்னது உண்மை. வைரஸ் ஏறிய டிவிஆர் (கேமராப் படத்தைப் பதியும் பெட்டி) படமும் காட்டும், தாக்குதலும் நடத்தும். 2016இல் மிராய் என்ற வைரஸ் பரவியது இப்படித்தான், மாற்றாத பாஸ்வேர்டு வைத்திருந்த கேமரா, டிவிஆர் வழியாக. "படம் நிக்காதுங்க ஐயா, பாஸ்வேர்டு மாத்தி சாஃப்ட்வேர் புதுசாப் போட்டுத் தர்றேன்" என்று சொல்லித்தான் கை வைக்க விட்டார். கஸ்டமரிடம் குற்றம் சாட்டுகிற மாதிரி பேசினால் வேலை நடக்காது.

ரவுட்டரில் செய்ய வேண்டியது: திட்டத்தின் வேகக் கட்டுப்பாடு உங்களைக் காப்பாற்றாது, கியூ வரைக்கும் வந்த பாக்கெட்டுக்குச் செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது. தாக்கப்படும் முகவரியை ராவில் டிராப் செய்யுங்கள். பொய் முகவரியில் அனுப்புவதைத் தடுக்க ஐபி செட்டிங்ஸில் ஆர்பி ஃபில்டர் இருக்கிறது. ஒரே அப்ஸ்ட்ரீம் என்றால் ஸ்ட்ரிக்ட், இரண்டு அப்ஸ்ட்ரீம் வைத்திருப்பவர்கள் லூஸ் போடுங்கள், இல்லாவிட்டால் நல்ல ட்ராஃபிக்கும் விழும்.

கனெக்ஷன் அட்டவணையையும் ஒருமுறை பாருங்கள். பயர்வாலில் கனெக்ஷன்ஸ் தாவலில் மொத்த எண்ணிக்கையும் உச்ச வரம்பும் தெரியும். ஒரு வீட்டுக்குச் சில நூறு இருக்கலாம். ஒரே முகவரியிலிருந்து பத்தாயிரக்கணக்கில் இருந்தால் அதுவும் இதே நோய்தான். டிசிபி எஸ்டாப்ளிஷ்ட் டைம்அவுட் இயல்பாக ஒரு நாள் என்று இருக்கும். செத்த இணைப்புகள் அவ்வளவு நேரம் இடத்தை அடைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, சில மணி நேரமாகக் குறைக்கலாம்.

நம் கையால் ஏற்றிய சுமை

வருஷக்கணக்கில் சேர்ந்த பயர்வால் விதிகளை ஒரு மத்தியான நேரம் உட்கார்ந்து படியுங்கள். எஸ்டாப்ளிஷ்ட், ரிலேட்டட் (ஏற்கெனவே தொடங்கியவை, அவற்றோடு சேர்ந்தவை) இணைப்புகளை அனுமதிக்கும் விதி முதலில் இருக்க வேண்டும். அது நாற்பதாவது இடத்தில் இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் முப்பத்தொன்பது விதியைத் தாண்டித்தான் போகிறது. தனித்தனி முகவரிக்கு நூறு விதி எழுதுவதற்குப் பதில் ஒரு அட்ரஸ் லிஸ்ட், ஒரு விதி. அப்ஸ்ட்ரீம் ஐபி நிலையானது என்றால் மாஸ்கரேடுக்குப் பதில் எஸ்ஆர்சி நாட். லாக் டிக் போட்ட விதிகளில் வேண்டாததை எடுத்துவிட்டு, சட்டப்படி வைக்க வேண்டிய பதிவுகளை வெளியே ஒரு சர்வருக்கு அனுப்புங்கள்.

ஃபாஸ்ட்ட்ராக் (பாக்கெட்டைக் குறுக்கு வழியில் அனுப்பும் வசதி) போட்டால் சிபியு சட்டென்று பாதியாகும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் ஃபாஸ்ட்ட்ராக்கில் போகும் பாக்கெட் சிம்பிள் கியூவைத் தொடாது. 30 எம்பிபிஎஸ் திட்டக்காரர் லிங்க் முழுவதையும் இழுப்பார். கியூ வைத்து வேகம் பிரித்துக் கொடுக்கும் நாம் அதை எடுத்த எடுப்பில் போடக் கூடாது.

ரவுட்டரே கைமாறியிருந்தால்

2018இல் விண்பாக்ஸ் ஓட்டை ஒன்று வெளிவந்தது. அப்போது பாஸ்வேர்டு திருடப்பட்ட பெட்டிகள் பல, மென்பொருள் புதுப்பித்தும் பாஸ்வேர்டு மாற்றாததால் 2021இல் மேரிஸ் என்ற பாட்நெட்டில் (திருடர் இயக்கும் தாக்குதல் கூட்டத்தில்) வந்து நின்றன. அதனால் ஷெட்யூலர், ஸ்கிரிப்ட்ஸ், ஐபி சாக்ஸ், வெப் ப்ராக்ஸி, யூசர்கள், நீங்கள் போடாத எல்2டிபி கிளையன்ட் என்று எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். அறியாதது ஒன்று இருந்தாலும் நெட்இன்ஸ்டால் செய்து புதிதாகத் தொடங்குங்கள். பழைய பேக்கப்பை அப்படியே ஏற்றினால் திருடனையும் சேர்த்து ஏற்றுவீர்கள். எக்ஸ்போர்ட் எடுத்து வரி வரியாகப் படித்துச் சேர்க்க வேண்டும்.

லினக்ஸ், சிஸ்கோ வைத்திருப்பவர்களுக்கு

லினக்ஸில் டாப் கட்டளையில் கேசாஃப்ட்ஐஆர்க்யூடி மேலே நின்றால் பாக்கெட் சுமைதான். எம்பிஸ்டாட் கோர் வாரியாகக் காட்டும். ப்ராக் நெட்டில் உள்ள சாஃப்ட்நெட் ஸ்டாட் கோப்பில் இரண்டாவது பத்தி கைவிடப்பட்ட பாக்கெட், மூன்றாவது நேரம் போதாமல் விட்ட தடவை. இரண்டும் ஏறிக்கொண்டே போனால் கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சிஸ்கோவில் ஷோ ப்ராசஸஸ் சிபியு வெளியீட்டில் 95/88 என்ற மாதிரி இரண்டு எண் வரும். முதலாவது மொத்தம், இரண்டாவது பாக்கெட்டைக் கடத்துவதற்கான இன்டரப்ட் வேலை. இரண்டும் நெருங்கி இருந்தால் ட்ராஃபிக். இரண்டாவது சிறியதாக இருந்து ஐபி இன்புட் என்ற ப்ராசஸ் மேலே நின்றால் பாக்கெட்டுகள் வேகமான பாதையை விட்டு சிபியுவுக்கே நேராக வருகின்றன.

நிஜமாகவே பெட்டி போதாது என்றால்

இத்தனையும் பார்த்த பிறகும், சராசரிப் பாக்கெட் அளவு இயல்பாக இருந்து, எல்லாக் கோரும் ஒரே சீராக ராத்திரி உச்சத்தில் 80ஐத் தாண்டினால் வாங்கலாம். மைக்ரோடிக் தளத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் சோதனை அட்டவணை இருக்கிறது. அதில் 1518 பைட், ஃபாஸ்ட்பாத் வரிசையைப் பார்த்து மயங்க வேண்டாம். 25 சிம்பிள் கியூ, 25 ஃபில்டர் விதி என்ற வரிசைகளில் 512 பைட் பத்தியைப் பாருங்கள். உங்கள் உச்ச நேரப் பாக்கெட் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்காவது அங்கே இருக்க வேண்டும். நமக்கு நாட்டும், ஆயிரம் கியூவும் கூடுதலாக இருக்கின்றன.

அந்த ஒப்பீட்டுக்கு உங்கள் சொந்த எண்கள் வேண்டும். எந்தக் கோளாறும் இல்லாத ஒரு வாரம், தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு இணைப்பில் இருப்பவர்கள், மொத்தப் பாக்கெட், சராசரி அளவு, அதிகம் நிறைந்த கோர், கனெக்ஷன் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை போன் வரும்போது எது மாறியிருக்கிறது என்று இரண்டே நிமிஷத்தில் தெரியும்.

புதுப் பெட்டி வந்ததும் பழையதைத் தள்ளிவிடாதீர்கள். அதே அமைப்பை ஏற்றி, ஒயர் எதுவும் செருகாமல் அலமாரியில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கி போர்ட் போகிற ராத்திரிக்கு அது வேண்டும்.